மந்தைக்குளம் படைவீரர் பூங்கா

மந்தைக்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொன்ன சொல்லை அப்படியே கேட்டு நடக்கிறவர்களை அப்படிப் பேசுவது பாவம்.

அந்த ஊரில் ஹவில்தார் மாசானம் என்று ஒருவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவரிடம் ஒரு போர்க்கதை இருந்தது. பனிமலையில் நடந்த கதை. அதைக் கடைசிவரை கேட்ட ஆள் ஊரில் கிடையாது. டீக்கடையில் அவர் தொண்டையைக் கனைத்தால் போதும், பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கூட்டம் கலைந்துவிடும். மனிதர் நொந்துபோனார்.

கடைசியில் ரோட்டோரம் இருந்த தன் நிலத்தைப் பஞ்சாயத்துக்குக் கொடுத்தார். "படைவீரர் நினைவா ஒரு பூங்கா கட்டுங்கய்யா. சாயங்காலம் நான் வந்து உக்காருவேன். காத்து வாங்க வாற நாலு பேரு என் கதையக் கேப்பாங்க. எனக்கு அது போதும்" என்றார்.

டவுனில் இருந்து இன்ஜினியரம்மா வந்தார். தெர்மாகோலில் பூங்காவின் மாதிரி ஒன்று செய்து கொண்டுவந்திருந்தார். பச்சைத் துணியில் புல், பஞ்சில் மரங்கள், நடுவில் ஒரு மேடை, ஓரத்தில் ஒரு பெஞ்சு. பெஞ்சில் நீலச் சட்டை போட்ட குட்டி பிளாஸ்டிக் மனிதன். பக்கத்தில் குடை பிடித்த ஒரு பெண். "அச்சு அசலா இப்படியே இருக்கணும். ஒரு இம்மிகூட மாறக் கூடாது" என்று சொல்லிவிட்டு அந்தம்மா லீவில் போய்விட்டார்.

தலைவர் வேலாண்டி, உபதலைவர் இசக்கியப்பன், கொத்தனார் தொட்டணன் மூன்று பேரும் மாதிரியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"புல்லு, மரமெல்லாம் சரி. பெஞ்சுல ஒரு ஆளு இருக்கானே, அவன எங்க போயித் தேட?" என்றார் தொட்டணன்.

உபதலைவர் குனிந்து பார்த்தார். "நீலச் சட்டை. கால் மேல காலு. மூக்கு இல்ல."

"மூக்கு இல்லாத ஆளு நம்ம ஊர்ல ஏது வே?"

தலைவர் வெகுநேரம் யோசித்தார். "கைக்குட்டையக் கட்டிட்டா மூக்கு இருக்கான்னு எவனுக்குத் தெரியும்?"

அதனால்தான் அவர் தலைவர். உபதலைவரின் மைத்துனருக்கு நீலச் சட்டை மாட்டி, மூக்கைக் கட்டி, பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பெண்ணைக் குடையோடு நிறுத்தினார்கள். கையை அசைக்க அனுமதி இல்லாததால் குடைக்காரப் பெண்தான் அவருக்குச் சோறு ஊட்டவேண்டியிருந்தது. மாதிரியில் அவள் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஆகவே இவளும் திரும்பாமலே ஊட்டினாள். சாம்பார் பெரும்பாலும் காதுக்குள் போனது.

ஒருநாள் தலைவர் மறதியாக டீ டம்ளரை மாதிரியின் மேல் வைத்துவிட்டார். புல்லில் வட்டமாகக் கறை விழுந்தது. தொட்டணன் அதைப் பார்த்த கையோடு பூங்காவில் வட்டமாக வாய்க்கால் வெட்டி, அண்டா அண்டாவாக டீ காய்ச்சி ஊற்றினார். சர்க்கரை போடுவதா வேண்டாமா என்பதில் மட்டும் இரண்டு நாள் சண்டை.

அடுத்து ஒரு ஆடு பஞ்சாயத்து ஆபீசுக்குள் புகுந்து மாதிரியில் இருந்த பஞ்சு மரங்களைத் தின்றுவிட்டது. நட்டுவைத்த வேப்பங்கன்றுகளை எல்லாம் மூவரும் பிடுங்கி எறிந்தார்கள். "மனசே கேக்கல. ஆனா ஆடு முடிவு பண்ணிட்டுதே, நாம என்ன செய்ய?" என்று தொட்டணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பூங்கா தயார் என்று கேள்விப்பட்டு, ஹவில்தார் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே மறித்துவிட்டார்கள்.

"மன்னிக்கணும் மாமா. மாதிரியில மிலிட்டரிக்காரரே கிடையாது" என்றார் தலைவர்.

"ஏலே, என் நெலத்துல என்னையே உள்ள விடமாட்டியளா?"

"எங்க கையில என்ன இருக்கு மாமா? இம்மிகூட மாறக் கூடாதுல்லா?"

ஹவில்தார் வீட்டுக்குப் போய் அழுதார். குண்டு பாய்ந்தபோதுகூட அவர் அழுததில்லை. எனக்கே அன்று மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் பட்டாளத்து மூளை அழுதுகொண்டே இருக்காது. தன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து, பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், பசை தடவி மாதிரியில் ஒட்டிவிட்டு வந்தார். பெஞ்சில் இடம் இல்லாததால் நடு மேடையில் ஒட்டினார்.

மறுநாள் மூவரும் பார்த்தார்கள். "மாமா உள்ள வந்துட்டாரு!" என்று தலைவருக்கு ஒரே சந்தோஷம்.

"ஆனா நெஞ்சு வரைக்கும்தான வந்திருக்காரு. மிச்சம் எங்க?" என்றார் உபதலைவர்.

"மேடைக்குள்ள இருக்கும்" என்றார் தொட்டணன், கடப்பாரையைத் தூக்கிக்கொண்டே.

மேடையைக் குடைந்து ஹவில்தாரை உள்ளே இறக்கினார்கள். நெஞ்சுக்கு மேலே மட்டும் வெளியே தெரிந்தது. "கைய வெளிய நீட்டாதேயும் மாமா, போட்டோவுல கை இல்ல" என்று சொல்லிச் சுற்றிலும் பலகை போட்டு மூடினார்கள். எப்படியோ உள்ளே வந்தாயிற்றே என்று அவரும் பொறுத்துக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு மாவட்டத்தில் இருந்து பெரிய அதிகாரி வந்தார். டீ வாய்க்காலைத் தாண்டி மேடைக்கு வந்தவர், "சிலை தத்ரூபமா இருக்கே!" என்று மாலை போட்டார். பிறகு மைக்கைப் பிடித்தார். "இப்போ மௌன அஞ்சலி. முடிஞ்சதும் தலைவர் சொல்லுவார். அதுவரைக்கும் யாரா இருந்தாலும் சரி, வாயைத் திறக்கக் கூடாது, இடத்தை விட்டு அசையக் கூடாது."

ஊரே தலை குனிந்து நின்றது. ஹவில்தார் மாலைக்கு மேலாகப் பார்த்தார். டீக்கடைக் கூட்டம் மொத்தமும் அவர் முன்னால் நின்றது. ஒருவரும் ஓடவில்லை.

தொண்டையைக் கனைத்தார். "அப்போ எனக்குப் பட்டாளத்துல ஆர்டர் வந்த புதுசு..." என்று ஆரம்பித்தார்.

சிலைக்குள் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு என்று அதிகாரி நினைத்துக்கொண்டார். உபதலைவர் தவிப்போடு தலைவரைப் பார்த்தார். தலைவரும் தவித்தார். மௌனம் முடிந்தது என்று சொல்ல அவர் வாயைத் திறக்கவேண்டும். யாராக இருந்தாலும் திறக்கக் கூடாது என்று அதிகாரியே சொல்லியிருக்கிறார்.

இப்போது அந்தப் பக்கமாகத்தான் வந்தேன். எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் நிற்கிறார்கள். கதையில் ஹவில்தார் இன்னும் ரயிலே ஏறவில்லை.