ஓட்டையை அடைத்த பெருச்சாளி

ஒரு காட்டில், ஓடைக்கரை மண்ணுக்குள்ளே எலிகளின் ஊர் ஒன்று இருந்தது. வளையூர் என்று பெயர். முதலில் ஒரே ஒரு வளைதான். மகள் கல்யாணத்துக்கு ஒன்று, மாமியாரிடமிருந்து தப்பிக்க ஒன்று என்று தோண்டித் தோண்டி, தெருவும் சந்தையுமாகப் பெருத்துவிட்டது.

ஊர்த் தலைவர் தொந்தியப்பர் ஒரு பெருச்சாளி. ஊர் பெருக்கப் பெருக்க அவரும் பெருத்துக்கொண்டே போனார்.

ஒருநாள் கடைசித் தெருவைத் தோண்டும்போது பொத்தென்று மண் சரிந்தது. அந்தப் பக்கம் முயல்களின் ஊரான அறுகூர்! அன்றிலிருந்து அந்த ஓட்டை வழியாகக் கிழங்கு அங்கே போனது, மெத்தைக்குப் புல் இங்கே வந்தது.

தொந்தியப்பருக்கு வயிறு எரிந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் அறுகூர்ப் பேச்சுத்தான். அறுகூர்த் தெரு அகலமாம், அறுகூர்ப் புல் மெத்துமெத்தென்று இருக்கிறதாம். இப்படியே போனால் வளையூரை யார் மதிப்பார்கள்?

"அந்த ஓட்டையை அடைங்கடா!" என்றார்.

மண்ணை வைத்தார்கள், சரிந்தது. கல்லை வைத்தார்கள், உருண்டது.

"ஒரு வேலைக்கும் லாயக்கில்லை, தள்ளுங்க!" என்று தொந்தியப்பர் தம் பின்பக்கத்தையே ஓட்டைக்குள் திணித்து உட்கார்ந்துகொண்டார். கச்சிதமாகப் பொருந்தியது. தலை வளையூரில், வால் அறுகூரில்.

உட்கார்ந்த கையோடு ஊர்ப் பெருமை பற்றி ஒரு சொற்பொழிவையும் தொடங்கினார். சற்று நேரத்தில் முன்வரிசை கொட்டாவி விட்டது. பின்வரிசை சாய்ந்தே விட்டது.

"என் பேச்சு அவ்வளவு சலிப்பா இருக்கா?"

"பேச்சு எப்பவும் போலத்தான் இருக்கு, தலைவரே," என்றது சின்னான் என்ற சுண்டெலி, மூச்சு வாங்க. "காத்துதான் வரலை. ஊர் சின்னதா இருந்தப்ப ஓடைப்பக்க வாசல் ஒன்னே போதும். இப்ப இத்தனை தெருவுக்கும் காத்து அந்த ஓட்டை வழியாத்தானே வருது?"

"புளுகாதே! எனக்கு ஜிலுஜிலுன்னு இருக்கே!"

"எங்கே, தலைவரே?"

தொந்தியப்பர் யோசித்தார். பின்னால் மட்டும்தான். ஊர் முழுக்க வர வேண்டிய காற்று அவர் முதுகுக்குக் கீழே வந்து நின்றுகொண்டிருந்தது. எதிரே குட்டிகள் ஒவ்வொன்றாகத் துவண்டு விழுந்தன. அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

எழப் பார்த்தார், முடியவில்லை. பிடித்து இழுக்க யாருக்கும் தெம்பில்லை. முயல்களைக் கூப்பிடலாம் என்றால் வாய் இந்தப் பக்கம் இருக்கிறது. வேறு வழியில்லாமல் வாலை ஆட்டினார். மானம் மரியாதையைப் பார்க்காமல் ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

"சுவத்துல வால் முளைச்சிருக்கு!" என்று முயல் பிள்ளைகள் கத்துவது லேசாகக் கேட்டது.

"யாரோ சிக்கிக்கிட்டாங்க, பிடிச்சு இழுங்க!" என்றாள் முயல்களின் தலைவி வெள்ளையம்மாள்.

பொளக்! தொந்தியப்பர் அறுகூர்த் தெருவில் போய் உருண்டார். காற்று குபுகுபுவென்று வளையூருக்குள் பாய்ந்தது. குட்டிகள் தும்மிக்கொண்டே எழுந்தன.

தொந்தியப்பர் மீசையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓட்டை வழியாக அதட்டினார். "சின்னான்! இந்த ஓட்டையை உடனே இன்னும் பெரிசாத் தோண்டச் சொல்லு!"

"மனசு மாறிட்டீங்களா, தலைவரே?"

"அதெல்லாம் ஒன்னுமில்லை. நான் வீட்டுக்கு வர வேண்டாமா?"

நீதி: பக்கத்து ஊருக்குப் போகும் வழியை அடைக்கிற ஊர், தன் மூக்கைத் தானே பொத்திக்கொள்கிறது.