எந்தச் சிவப்பு?

"எழுதிக் குடுங்க டீச்சர். இப்பவே வேணும்."

பட்டறைக்குள் நுழைந்ததும் சகாயநாதன் சொன்னது இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. வால்பாறையில் ஒரு ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். சிவகாமிக்கு முப்பத்தைந்து. பொள்ளாச்சியில் டீசல் வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறவள். சகாயநாதன் இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் மலையிறங்கி வந்து அவளிடம் வேலை கற்றுக்கொள்கிறார். ஊரே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அவர் மட்டும் டீச்சர் என்பார்.

அன்று ஞாயிறு இல்லை.

சிவகாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்ன எழுதோணும்?"

"பாண்டியராசு ரேடியேட்டர்ல தப்பான கூலண்டை ஊத்தி இன்ஜினைக் கெடுத்துட்டான்னு. அந்தப் பேப்பரை ஆபீஸ்ல குடுத்தா அவன் வேலை போயிடும். போகணும்."

பாண்டியராசு அதே ஆம்புலன்ஸை இன்னொரு ஷிப்டில் ஓட்டுகிறவன்.

வண்டி வாசலில் நின்றது. காலையில்தான் இழுத்துக்கொண்டு வந்து விட்டிருந்தார்கள்.

"நேத்து என்ன ஆச்சுங்கண்ணா? முதல்ல இருந்து சொல்லுங்க."

"மாரிக்கண்ணுன்னு ஒரு அம்மா. கொழுந்து பறிக்கிறவங்க. காட்டெருமை தொடையில குத்திடுச்சு. கட்டுப் போட்டுக் கோயம்புத்தூர் கொண்டுபோன்னாங்க. கவர்க்கல் ஏத்தத்துல இன்ஜின் சூட்டைக் காட்டுற முள்ளு மேல போய் ஒட்டிக்கிச்சு. ஒரே ஆவி. வண்டி நின்னுடுச்சு."

"அப்புறம்?"

"நாப்பது நிமிசம் நடுரோட்ல. கடைசில ஒரு தேயிலை லாரி வந்துச்சு. மூட்டை மேல படுக்கவச்சு நானும் கூடவே போனேன்."

"உசுரு?"

"இருக்கு. காலை எடுத்துட்டாங்க."

சிவகாமி வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொஞ்சம் முந்தி வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்னார் டாக்டர். அந்தம்மா முழிச்சதும் என்னைக் கூப்பிட்டுக் கேக்குறாங்க, ஒத்தக் காலோட சரிவுல எப்படிப்பா நிப்பேன்னு. என்ன சொல்ல? சொல்லுங்க, என்ன சொல்ல?"

கேட்டபடியே காலடியில் கிடந்த காலி டின்னை எட்டி உதைத்தார். அது லாரி டயரில் மோதி உருண்டது.

"காலையில பாண்டியோட சட்டையைப் பிடிச்சேன். நாலு பேர் வந்து பிரிச்சுவிட்டாங்க. அவன் வாயே திறக்கல. தப்புப் பண்ணினவன் எப்படிப் பேசுவான்?"

சிவகாமி ஆம்புலன்ஸின் முன்பக்கம் போனாள். ரேடியேட்டர் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். கீழே ஒரு தட்டை வைத்து ரேடியேட்டரின் அடியிலிருந்த குழாயைக் கழற்றிவிட்டாள்.

தண்ணீராக வரவேண்டியது கட்டிகட்டியாக விழுந்தது. நீர்த்துப்போன கேப்பைக் களி போல இருந்தது.

"பாத்தீங்களா!" என்றார் சகாயநாதன்.

"பாத்தேன். தப்பான கூலண்டுதான்."

"எழுதுங்க."

"எழுதறேன். அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க."

அலமாரியிலிருந்து இரண்டு கேன்களை எடுத்தாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினாள். கேன்களைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

"இதுல உங்க வண்டிக்கு எது?"

சகாயநாதன் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டும் சிவப்பு. ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணு உங்க வண்டியில முதல்ல இருந்தது. இன்னொண்ணை அதோட கலந்து சூடாக்கினா என்ன ஆகும்னு அந்தத் தட்டுல பாருங்க."

"பாத்தா எப்படித் தெரியும்?"

"தெரியாது. சாயம் அவனவன் இஷ்டத்துக்குப் போடறான். வண்டியோட புஸ்தகத்துல ஒரு நம்பர் போட்டிருக்கும். கேன்லயும் அதே நம்பர் இருக்கோணும். இருந்தா ஊத்தலாம். இல்லைன்னா பச்சையோ சிவப்போ, தொடக்கூடாது."

"அப்ப அந்த நாயி நம்பரைப் பாக்காமத்தானே ஊத்தியிருக்கான்!"

"ஊத்தறதுக்கு முன்னாடி யாரையாச்சும் கேட்டானா?"

சகாயநாதன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"கேட்டானா இல்லையாங்கண்ணா?"

"போன் பண்ணினான். போன வாரம். நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்."

"என்னன்னு?"

"கூலண்டு குறையுதுண்ணே, எதை வாங்கி ஊத்தறதுன்னு."

"நீங்க?"

"சிவப்புடான்னு சொன்னேன்."

சிவகாமி கையிலிருந்த ஸ்பானரை மேசையில் அறைந்தாள். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சிவப்பு! ஒரு கூலண்டு வாங்கத் தெரியலை. அடுத்தவன் சோத்துல மண்ணைப் போடப் பேப்பர் கேட்டு வந்துட்டீங்க. ரெண்டு வருஷமா இங்க வந்து என்னத்தைங்க படிச்சீங்க?"

"என்னத்தைப் படிச்சேனா?" சகாயநாதனின் குரல் அவள் குரலுக்கு மேலே ஏறியது. "நீங்க சொன்னதைத்தான் படிச்சேன்!"

"நான் எப்ப..."

"வந்த முதல் மாசம். நீங்க ஒரு லாரிக்கு அடியில படுத்திருந்தீங்க. என் வண்டிக்கு எந்தக் கூலண்டு டீச்சர்னு கேட்டேன். தலையைக்கூட வெளிய நீட்டல. சிவப்புங்கண்ணான்னீங்க. பேரு என்னன்னு கேட்டேன். பேரெல்லாம் எதுக்கு, சிவப்புன்னு கேளுங்க, குடுப்பான்னீங்க. நோட்டுல எழுதிவச்சிருக்கேன். தேதி போட்டு எழுதிவச்சிருக்கேன்!"

 தட்டில் இன்னும் கட்டிகள் சொட்டிக்கொண்டிருந்தன.

சிவகாமி அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். எந்த லாரி என்று ஞாபகம் வரவில்லை. அப்படிச் சொல்லியிருக்க மாட்டோம் என்றும் அவளால் நினைக்க முடியவில்லை. அவசரத்தில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

ஒரு தம்ளரை எடுத்தாள். சுவரில் ஓங்கி அடித்தாள்.

சிவப்பு சுண்ணாம்பில் வழிந்தது. சகாயநாதன் ஓர் அடி பின்னால் போனார்.

அவள் மேசைக்குப் போனாள். பட்டறையின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றைக் கிழித்து எழுதத் தொடங்கினாள். அழுத்தி எழுதியதில் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. பாதியில் நிறுத்தி அவர் முன்னால் தள்ளினாள்.

சகாயநாதன் படித்தார்.

'இந்த ஆம்புலன்ஸுக்கு எந்தக் கூலண்ட் என்று கேட்டவருக்கு, நம்பரைச் சொல்லாமல் நிறத்தைச் சொன்னது நான். சிவகாமி. அதே பதிலைத் தன்னிடம் கேட்டவருக்குச் சொன்னது'

அதோடு நின்றது. மிச்சம் வெறும் தாள்.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்தா என் வேலை போயிடும்" என்றார்.

"போகலாம். உங்க ஆஸ்பத்திரி வண்டி ஒண்ணுகூட இனி என் வாசலுக்கு வராது."

"அந்தம்மாவுக்குக் கால் வந்துடுமா?"

"வராதுங்கண்ணா."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் எதுவும் இல்லை. மறுபடியும் கோபம் வந்தது.

"பாண்டியராசு பேரு எங்க?"

"அவன் பேரு எதுக்கு?"

"வண்டியில ஊத்தினது அவன் கைதானே!"

"அவன் கேட்டுட்டுத்தான் ஊத்தினான். சொன்னது நாம ரெண்டு பேரும்."

சகாயநாதன் அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினார். 'சொன்னது' என்று நின்ற இடத்தில் 'நான். சகாயநாதன்' என்று எழுதினார்.