பஞ்சத்துக் கஞ்சியின் ருசி

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டைக் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் வாயைத் திறந்தால் பழைய பஞ்சத்தைப் பற்றித்தான் பேசுவான். அவன் சிறுவனாக இருந்தபோது மழை பொய்த்து நாடே வறண்டுபோனது. அவனுடைய தந்தை அரண்மனை முற்றத்தில் பெரிய அண்டாவை ஏற்றி, தானே துடுப்புப் போட்டுக் கிண்டி, ஊர் ஜனங்களோடு மகனையும் உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினார். "அடடா, அந்தக் கஞ்சி எப்படி இனித்தது" என்று ராஜா ஆரம்பித்தால், சபையில் பாதிப் பேர் கொட்டாவியை மீசைக்குள் ஒளித்துக்கொள்வார்கள்.

மந்திரி தேவநம்பிக்கு மட்டும் கொட்டாவி வராது. அவரும் அந்தப் பந்தியில் கொட்டாங்கச்சியோடு உட்கார்ந்தவர். பசி ஒன்றும் இனிக்கவில்லை என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த முகங்களை நினைத்தால் இப்போதும் மனசு இளகிவிடும்.

இந்த வருடமோ ஏரி தளும்பியது, களஞ்சியம் நிரம்பியது. இருந்தும் சந்தைக்குப் போனவர்கள் பாதிக் கூடையோடு திரும்பினார்கள். காரணம் சுங்க அதிகாரி பல்லவராயர். ராஜாவுக்கு வசந்த மண்டபம் கட்டித் தருகிறேன் பேர்வழி என்று உப்பு, புளி, எண்ணெய், வரகு ஒன்றையும் விடாமல் வரி போட்டிருந்தார். மந்திரி வீட்டு ரசத்திலேயே புளியைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது.

ஜனங்களுக்காக மந்திரி சபையில் பேசினார். பல்லவராயர் சிரித்தார்.

"கேட்டீர்களா மகாராஜா? அந்தப் பஞ்சத்தில்கூட வாய் திறக்காத ஜனங்கள், இன்று புளி விலைக்கு அழுகிறார்கள். எல்லாம் நாம் கொடுத்த செல்லம்."

"உண்மைதான்" என்றான் ராஜா. "நாங்கள் பார்க்காத கஷ்டமா?"

"மகாராஜா, அன்று நாம் குடித்த அதே கஞ்சியைத்தான் இவர்கள் இன்றும் குடிக்கிறார்கள்" என்றார் மந்திரி.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அதே கஞ்சியா? அந்த ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது, மந்திரி. நாளைக்கு அதை எனக்குக் கொடும். அதே ருசிதான் என்று என் நாக்கு ஒப்புக்கொண்டால் வரியை எடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் மந்திரி மோதிரத்தைப் பல்லவராயரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு நீர் வீட்டுக்குப் போகலாம்."

அந்த மோதிரத்தின்மேல் வெகுநாளாகக் கண்வைத்திருந்த பல்லவராயருக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் ராஜா பசியோடு வந்து உட்கார்ந்தான். "எங்கே கஞ்சி?"

"அடுப்பே மூட்டவில்லை, மகாராஜா. பஞ்சத்தில் பெரிய ராஜாவின் வழக்கம் மறந்துபோயிற்றா? ஊரில் எல்லாக் கூரையிலும் புகை எழுந்த பிறகுதான் அரண்மனை அடுப்பு எரியும்."

ராஜாவின் முகம் மலர்ந்தது. "ஆமாம், மாடத்தில் நின்று பார்ப்பார். என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, 'அதோ பார், அந்த வீட்டிலும் எழும்பிவிட்டது' என்று காட்டுவார்." சின்னப் பையனைப் போல மாடத்துக்கு ஏறிப்போனான்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புகை தெரிந்தது. வெயில் ஏறியது. ராஜாவின் வயிறு கூப்பாடு போட்டது. "நெசவாளர் தெரு முழுக்க ஏன் ஒரு புகையும் இல்லை?" என்றான்.

"சோம்பேறிகள் மகாராஜா, இப்போதுதான் எழுந்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டு நழுவினார் பல்லவராயர். சற்று நேரத்தில் தெருவுக்குத் தெரு புகை கிளம்பியது, குப்குப்பென்று.

"மூட்டுங்கள் அடுப்பை" என்றான் ராஜா.

சோறு வேகிற அடுப்பு இப்படிப் புகையாது என்று மந்திரிக்குத் தெரியும். "பெரிய ராஜா புகையை மட்டும் நம்பமாட்டார், மகாராஜா. ஏதாவது ஒரு வீட்டில் போய் ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வருவார்."

"அப்படியானால் அங்கேயே குடித்துவிடலாம், வாரும்" என்று ராஜா முன்னால் இறங்கினான். அதற்குள் திரும்பி வந்திருந்த பல்லவராயரும் கூடவே போகவேண்டியதாயிற்று.

நெசவாளர் தெருவின் முதல் வீட்டில் அங்காயி என்பவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். வாசலில் ஈர வைக்கோல் புகைந்துகொண்டிருந்தது.

"யாரம்மா இதைக் கொளுத்தியது?"

"சுங்கச்சாவடி ஆளுங்கதான் ராசா. வீட்டுக்கு வீடு போட்டுக் கொளுத்திட்டுப் போறாங்க. எதுக்குன்னு கேட்டா அடிக்க வர்றாங்க."

பல்லவராயர் தூணைத் தேடினார். அந்த வீட்டில் மறைந்து நிற்கும் அளவுக்குத் தூண் இல்லை. ராஜா அவரை ஒரு பார்வை பார்த்தான்.

"குடிக்க ஏதாவது இருக்கிறதா, அம்மா?"

"நேத்துக் காய்ச்சின கஞ்சி கொஞ்சம் கிடக்கு. உங்களுக்குக் குடுக்கிற மாதிரி இல்லீங்க ராசா."

"பரவாயில்லை, கொடு."

மந்திரியின் விரல்கள் தாமாகவே மோதிரத்தைத் தடவின. ராஜா கலயத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். இன்னொரு வாய் குடித்தான்.

"இதுதான்" என்றான் மெதுவாக. "அதே ருசி. துளிகூட மாறவில்லை. இதில் என்னம்மா போட்டாய்?"

"என்னத்தப் போட? ஒரு கைப்பிடி வரகு, மத்ததெல்லாம் தண்ணி. உப்புக்கூடப் போடல. விக்கிற விலையில அதை எங்க வாங்குறது?"

ராஜா கண்ணைத் திறந்தான். "அன்றும் உப்பு இல்லை. வண்டிமாடுகள் செத்துப்போய் உப்பே வரவில்லை. இப்போது எங்கே உப்பு?"

"சாவடியில்தான் மகாராஜா, வரிக்குப் பிடித்துவைத்தது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது" என்றார் மந்திரி.

ராஜா கலயத்தைக் கீழே வைத்தான். "ஏரி நிறைந்த வருடத்தில் பஞ்சத்துக் கஞ்சி. அன்று அதை வானம் ஊற்றியது. இன்று நான் ஊற்றியிருக்கிறேன்."

அந்த வாசலில் நின்றபடியே வரியை எடுத்தான். மந்திரியின் விரலில் தன் மோதிரத்தையும் சேர்த்துப் போட்டான். பாதி எழும்பிய வசந்த மண்டபத்துக்குக் கூரை வேய்ந்து ஊருக்குக் கஞ்சி ஊற்றச் சொன்னான். துடுப்புப் போடுகிற வேலை பல்லவராயருக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு கீர்த்திமாறன் எத்தனையோ வருடம் ஆண்டான். அந்தக் கஞ்சி இனித்தது என்று மட்டும் மறுபடி சொல்லவே இல்லை. பஞ்சத்தின் பேச்சு எடுத்தால், "அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்" என்பான், அவ்வளவுதான்.