நரி மூடிய ஏழு குழிகள்

மருதங்காட்டு யானை அரசி கோமளவல்லிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கெட்ட செய்தி கேட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடும். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவே பார்க்காது. அதனால் அந்தக் காட்டில் எல்லாரும் நல்ல செய்தியாகவே சொல்லப் பழகிவிட்டார்கள்.

காட்டுக்கு இருந்தது ஒரே ஒரு குளம். குளத்துக்கு மேல் பக்கம், மேட்டில், ஒரு தார்ச்சாலை. சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க்.

ஒருநாள் குப்பாண்டி என்ற பெருச்சாளி அங்கிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தது.

“அரசியாரே! பங்க்குக்குக் கீழே புதைத்திருக்கிற தொட்டி ஓட்டை! பெட்ரோல் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடித் தண்ணீரில் கலந்துவிட்டது. அந்தத் தண்ணீர் நம் குளத்தைப் பார்த்துத்தான் ஊர்ந்து வருகிறது!”

பொத்!

நல்லவேளை, பின்னால் ஒரு கரையான் புற்றுதான் இருந்தது.

குளத்திலிருந்து மணியம்மைத் தவளை அலறியது. “ஐயோ! என் நானூறு பிள்ளைகளும் குளத்தில் இருக்கின்றனவே! ஒன்றுக்கும் இன்னும் கால் முளைக்கவில்லை. கால் இருந்தால்தானே ஓட முடியும்!”

அரசி மெல்ல எழுந்து யோசித்தது. “குப்பாண்டி, பங்க்கிலிருந்து குளம் வரை வரிசையாக ஏழு குழி தோண்டு. தண்ணீர் ஊறும் வரை தோண்டு. தினமும் காலையில் ஒருவர் ஏழையும் மோந்து பார்க்க வேண்டும். நாற்றம் எதுவரை வந்திருக்கிறது என்று தெரிந்தால் அதைத் தடுக்க வழி பார்க்கலாம்.”

மோந்து பார்க்கும் வேலை சூரப்ப நரிக்குக் கிடைத்தது. காட்டிலேயே கூர்மையான மூக்கு அதற்குத்தான்.

மறுநாள் காலை நரி முதல் குழியில் மூக்கை நுழைத்தது. குப்பென்று அடித்த வாடையில் அதன் கண்ணில் நீர் வந்துவிட்டது. ‘இதை அரசியிடம் சொன்னால்?’ என்று நினைத்தது. அரசியின் பின்பக்கம் நினைவுக்கு வந்தது. அது சின்னதல்ல.

நரி சுற்றும் முற்றும் பார்த்தது. பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடியது. மேலே ஒரு தும்பைச் செடியையும் நட்டது.

“அரசியாரே! திறந்திருக்கும் குழிகளில் ஒன்றுகூட நாறவில்லை!”

“பலே! பலே!” என்று அரசி காதை ஆட்டியது.

நான்கு நாளில் இரண்டாவது குழி நாறியது. அதற்கும் மண். எட்டாம் நாள் மூன்றாவது. அதற்கும் மண், அதற்கும் தும்பைச் செடி.

“நரியாரே, நான் ஏழு குழி தோண்டினேன். நாலுதானே இருக்கிறது?” என்று குப்பாண்டி கேட்டது.

“மூன்று ஓய்வெடுக்கிறது.”

“குழி எதற்கு ஓய்வெடுக்க வேண்டும்?”

“நாள் முழுக்கத் திறந்தே கிடந்தால் அலுப்பாக இருக்காதா? நீ கிடந்து பார்!”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு இப்படித்தான் பதில் வாயில் தயாராக இருக்கும். மணியம்மை கேட்டபோதும் நரி அசரவில்லை. “தவளையக்கா, நாறும் குழிகள் எத்தனை? பூஜ்யம்! போய் நிம்மதியாகக் கத்துங்கள்!” என்றது.

கடைசியில் ஏழாவது குழியும் ஓய்வுக்குப் போனது. நாறும் குழி ஒன்றுகூட இல்லை என்று காட்டுக்கே கொண்டாட்டம். அரசி நரிக்கு ‘மூக்குச் சக்கரவர்த்தி’ என்று பட்டம் கொடுத்தது. அந்தச் சந்தோஷத்தில் குளத்திலிருந்து ஒரு தும்பிக்கைத் தண்ணீரை உறிஞ்சி வாயில் விட்டது.

அரசியின் முகம் கோணியது. துப்பியது. பிறகு ஒரு ஏப்பம் விட்டது. அந்த ஏப்பத்தில் பக்கத்து மரத்துக் கொக்கு மயங்கி விழுந்தது.

“இது என்ன, லாரியைக் கரைத்துக் குடித்ததுபோல இருக்கிறது!”

எல்லாரும் நரியைத் திரும்பிப் பார்த்தார்கள். நரி குளக்கரையில் நின்று பின்னங்கால்களால் தண்ணீருக்குள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது!

“என்ன செய்கிறாய்?”

“பழக்கதோஷம், அரசியாரே. நாறுவதை மூடுகிறேன்.”

“உள்ளே என் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாவி!” என்று மணியம்மை பாய்ந்து நரியின் மூக்கிலேயே ஏறி உட்கார்ந்தது.

அரசி உட்காரப் போனது. பின்னால் நின்ற முயல்கள் சிதறி ஓடின. “இப்போது உட்காராதீர்கள், தாயே! என் பிள்ளைகளைத் தூக்குங்கள்!” என்று மணியம்மை கெஞ்சியது.

அரசி உட்காரவில்லை. தும்பிக்கை தும்பிக்கையாகத் தலைப்பிரட்டைகளை மொண்டு, நாற்றம் எட்டாத பாறைச் சுனையில் விட்டது. கரையோரம் இருந்த பன்னிரண்டு குஞ்சுகள் பிழைக்கவில்லை. மணியம்மை அழுதது. நரியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு அரசி நேரே மேட்டுக்குப் போனது. வெள்ளைச் சட்டையோடு நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பங்க் முதலாளி மேல், நாறும் குளத்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. அவர் சட்டையை மோந்து பார்த்தார். தன் சரக்கின் வாடை தனக்குத் தெரியாதா? “ஐயோ, என் பெட்ரோல்!” என்று கத்தினார். அன்றைக்கே பங்க்கை மூடினார். ஆட்கள் வந்து ஓட்டைத் தொட்டியைத் தோண்டி எடுத்தார்கள்.

குப்பாண்டி முணுமுணுத்துக்கொண்டே ஏழு குழிகளையும் மறுபடி தோண்டியது. யானைகள் மூங்கில் குழாயைக் குழிக்குள் விட்டு ஊதின. குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. ஒவ்வொரு குமிழியோடும் கொஞ்சம் பெட்ரோல் வாடை காற்றில் ஏறிப் போனது. குழாயைப் பிடித்துக்கொள்ளும் வேலை நரிக்கு. மூக்கு சரியாகக் குழிக்கு மேலே!

இரண்டு மழைக்காலம் ஊதினார்கள். ஒருநாள் காலை நரி துள்ளிக்கொண்டு வந்தது.

“அரசியாரே! ஏழு குழியும் சுத்தம்! குளமும் சுத்தம்! சத்தியமாகச் சொல்கிறேன்!”

ஒருவரும் காதை அசைக்கவில்லை. காட்டு விலங்குகள் எல்லாம் வரிசையில் நின்று ஒவ்வொரு குழியாக மூக்கை நுழைத்துப் பார்த்தன. மயங்கி விழுந்த கொக்குகூட வந்தது. கடைசியாக மணியம்மை ஒவ்வொரு குழியையும் மூன்று முறை மோந்தது. அதன் பிறகுதான் சுனைப் பக்கம் திரும்பி, “வாருங்கள், பிள்ளைகளே! இப்போதுதான் எல்லாருக்கும் கால் இருக்கிறதே!” என்று கூப்பிட்டது. நரி அதுவரை ஓரமாக நின்றது.

கெட்டதைக் காட்டும் குழியை மூடினால், கெட்டது நம் வாசலுக்கே வந்து சேரும். பிறகு நாம் நல்லதையே சொன்னாலும் நம்ப ஆளிருக்காது.