மூன்று வீட்டுக்குப் போன முட்டைகள்

காவலன் தூங்கி எழுந்த பிறகுதான் ஊருக்கு விடிந்த காலம் அது, கேளுங்கள். மணிக்குன்றம் என்ற தலைநகரில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு தெருவில், வெள்ளையம்மாள் என்றொரு பூக்காரி இருந்தாள். அவள் கணவன் இருளப்பன் விஷக்காய்ச்சலில் விழுந்து பிழைத்தவன். தினமும் முட்டை கொடுத்தால்தான் எழுந்து நடப்பான் என்றார் வைத்தியர். அவள் மூன்று கோழிகளும் ஒரு சேவலும் வாங்கி முற்றத்தில் விட்டாள்.

உடனே வந்தார் பக்கத்து வீட்டு நாகசுரக்காரர். "ஏம்மா, உன் சேவல் என் சுருதியைக் கெடுக்குது!"

வெள்ளையம்மாள் பயந்த சுபாவம். ஒரு முட்டை கொடுத்தாள். சுருதி சேர்ந்துவிட்டது.

அடுத்து வந்தாள் மறுபக்கத்துச் சிவகாமி. "அக்கா, என் வடகத்து மேல கோழி நடந்திருக்கு. வந்து பாருங்க, கால் தடம்!"

அவளுக்கும் ஒரு முட்டை. தடம் பதிந்த வடகத்தையே பொரித்துத் தொட்டுக்கொண்டாள் சிவகாமி.

அடுத்து எதிர்வீட்டுச் சோதிடர். "கோழி குறுக்கே போனா குடும்பத்துக்கு ஆகாது."

அவருக்கும் ஒரு முட்டை. அதைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, "வெளியே சொல்லிடாதே" என்றார்.

அன்றுமுதல் தினமும் மூன்று குறைகள், மூன்று முட்டைகள்.

"ஏண்டி, கொக்கரிக்கிற சத்தம் எனக்கு, முட்டை ஊருக்கா?" என்றான் படுத்திருந்த இருளப்பன். அவன் கன்னம் இன்னும் ஒட்டித்தான் கிடந்தது.

ஒருநாள் அடைமழை. சேவல் கூவவில்லை, கோழிகள் கூட்டைவிட்டு வரவில்லை. அன்றும் மூவரும் வந்தார்கள்.

"சேவல் கூவலை, தூங்கிட்டேன். கோயில்ல ஒரே திட்டு."

"கோழி வரலை, பூச்சியெல்லாம் என் வீட்டுக்குள்ள."

"கோழி குறுக்கே வரலை. அதுவும் ஆகாது."

வெள்ளையம்மாள் முட்டை கொடுக்காமல் கதவைச் சாத்தினாள். கோழிகளால் தெருவே நாசம் என்று மூவரும் அரசனிடம் முறையிட்டார்கள்.

அவள் கோழிக்கூடையோடு சபைக்கு வந்தாள். கணவனின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொன்னாள்: "மகாராசா, இவங்க சொல்றது நிசம்னா, இதுகளை இப்பவே கோட்டைக்கு வெளியே விரட்டிடுங்க."

அந்த நேரம் பார்த்துக் கூடைக்குள் ஒரு கோழி கொக்கரித்தது. பழக்கதோஷம், மூவரின் கைகளும் ஒன்றாகக் கூடைக்குள் நுழைந்தன.

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. "முட்டை இனி அந்தம்மாவுக்கு. இதுவரை தின்றவர்கள் முறைவைத்துக் கோழிக்கூட்டைக் கழுவட்டும்!"

அன்று இருளப்பன் முட்டையை ஆசையாய்க் கடித்தான். "உப்பு பத்தலையே" என்றான்.

இம்முறை அவள் எதுவும் கொடுக்கவில்லை, உப்பைக்கூட.

குறை சொல்பவரின் வாயை எதையாவது கொடுத்தே அடைத்துக்கொண்டிருந்தால், குறை தீராது, கேட்கும் கைதான் நீளும்.