நலம் சொன்ன குரல்கள்

"'என் பிள்ளையைப் புதைச்சு ஒன்பது நாள் ஆச்சு, நேத்து அவன் எப்படி நலம்னு சொன்னான்?' இதைத்தானே கேட்டே? நாலு தடவை கேட்டாச்சு. அஞ்சாவது தடவை கேட்டாலும் என் பதில் ஒண்ணுதான். பதிவுல நலம்னு இருக்கு!" என்றது மைனா.

"பதிவைக் கொண்டுபோய்க் குளத்துல போடு!" என்றது கீரி.

"குளத்தைப் பத்தியும் பேசாதே. குளமும் நலம்!"

குளம் நலமாக இல்லை. தண்ணீர்மேல் பச்சையாய் ஒரு தோல் படர்ந்திருந்தது. காலால் தொட்டால் விலகும். காலை எடுத்ததும், ஏதோ உயிருள்ளது மாதிரி, மெதுவாக வந்து மூடிக்கொள்ளும். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கண் சிவந்தது. ஏழாம் நாள் மற்றவர்கள் குழி தோண்டினார்கள்.

கீரியின் மகன் துடியன் அப்படித்தான் போனான். இப்போது மகள் பூவிழிக்கும் உடம்பு கொதித்தது. அன்றுதான் முதல் நாள்.

காய்ச்சலுக்கு மருந்து இல்லாமல் இல்லை. சிங்கராசாவின் மலையில் நிலவேம்பு மண்டிக் கிடந்தது. கீரி நடையில் போய்வர எட்டு நாள் ஆகும். யானைகளுக்கோ ஒரு பகல் போதும். ஆனால் யானைகள் கிளம்ப ராசாவின் உத்தரவு வேண்டும். உத்தரவுக்கு எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கை எடுக்க ஓர் அதிகாரி வேண்டும். அதற்கு ராசா நியமித்தது யாரை? ஆந்தையை!

ஐந்து நாளைக்கு ஒருமுறை, நட்டநடுப் பகலில், ஆந்தை வந்து மருதமரத்தில் உட்காரும். ஆந்தைக்குப் பகலில் கண் கூசும் என்று ராசாவிடம் யாரும் சொல்லவில்லை. ஆந்தையும் சொல்லவில்லை, வேலை போய்விடுமே! அது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காட்டிலுள்ள நாற்பது பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும். அவரவர் இருந்த இடத்திலிருந்தே "நலம் ஐயா!" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் குரல் வராவிட்டால், அவருக்கு உடம்பு சரியில்லை அல்லது உயிர் இல்லை என்று பட்டையில் கீறும். அப்படிப் பத்துக் கீறல் விழுந்தால் போதும். நிலவேம்பு வரும். யானைகள் குளத்தைத் தூர்வாரும்.

கூடவே ஒரு கேள்வியும் வரும். "பத்துப் பேர் சாகும்வரை மருந்துப் பொந்தின் பொறுப்பாளர் என்ன செய்துகொண்டிருந்தார்?"

காட்டின் மருந்தைச் சேர்த்து வைக்க வேண்டிய அந்தப் பொறுப்பாளர், மைனா. எந்தக் குரலையும் ஒருமுறை கேட்டால் அப்படியே பேசுகிற மைனா. குறையில்லாத காடு என்று மூன்று வருடமாக ராசாவின் பாராட்டை வாங்கிய மைனா.

முதலில் அது செய்தது சின்ன உபகாரம்தான். ஒரு முயல் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தது. அதன் குரலில் மைனா "நலம் ஐயா!" என்றது. திரும்பி வந்த முயலே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து ஓர் அணில், காய்ச்சலில் வாய் திறக்க முடியாமல் கிடந்தது. "பாவம், தூங்கட்டும்" என்று அதற்காகவும் சொன்னது. அணில் செத்தது. அடுத்த ஆய்விலும் அணில் நலமாக இருந்தது. அதற்குப்பின் மைனாவுக்கு எதுவுமே கஷ்டமாக இல்லை.

காடு அடங்கிப்போயிற்று. வளைகளின் வாயில் சிலந்தி கூடு கட்டியது. ஈர மண்ணில் புதிதாக ஒரு காலடி இல்லை. ஆய்வு நாளில் மட்டும் குளக்கரைத் தாழம்புதருக்குள்ளிருந்து கிழக்குரல், குட்டிக்குரல், சளி பிடித்த குரல் எல்லாம் எழுந்து வரும். மருதமரத்து ஆந்தை நாற்பது பேர் வாழும் காட்டைக் கேட்டது. மரத்தடியில் இருந்தது பதினோரு பேர்.

கீரி புள்ளிமானிடம் ஓடியது.

"அடுத்த ஆய்வுக்கு நாலு நாள் இருக்கு. எல்லாரும் சேர்ந்து உண்மையைச் சொல்லிடுவோம். உன் புருஷன் செத்தது உனக்குத் தெரியாதா?"

மான் புல்லைப் பார்த்துக்கொண்டே பேசியது. "அக்கா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க. அஞ்சு நாளைக்கு ஒரு தடவை அவர் குரல் கேக்குது. அதையும் கெடுக்கணுமா?"

"அடியே, அது அவர் இல்லடி! மைனா!"

"தெரியும். கண்ணை மூடிக்கிட்டா தெரியாது."

கீரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆய்வு நாளில் எல்லாரும் தாழம்புதர் பக்கம் முகத்தைத் திருப்பி வரிசையாக உட்காருவார்கள். ஒருவர் கண்ணும் திறந்திருக்காது.

"மரத்துல ஒரு ஆந்தைன்னு நினைச்சேன். கீழே பத்து உட்கார்ந்திருக்கு!" என்று கத்திவிட்டுக் கீரி வளைக்குத் திரும்பியது. மூன்றாம் நாள் பூவிழியின் கண் ஓரம் சிவந்தது.

ஐந்தாம் நாள் ஆந்தை வந்தது.

"மான் கொம்பன்!"

"நலம் ஐயா!" புதருக்குள் கனத்த குரல். மூடிய கண்களோடு மான் புன்னகைத்தது.

"கீரி துடியன்!"

"நலம் ஐயா!" சொல்லி முடித்ததும் களுக்கென்று ஒரு சிரிப்பு. துடியனுக்கே உரிய சிரிப்பு. கீரியின் கால்கள் தாமாகவே புதரை நோக்கி இரண்டு அடி வைத்துவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

"ஐயா! அவன் செத்துட்டான்! நான்தான் மண்ணைத் தள்ளினேன்!"

"செத்தவன் எப்படியம்மா பதில் சொல்வான்? எனக்குத் தெளிவாகக் கேட்டதே!" என்றது ஆந்தை.

"கண்ணைத் திறந்து பாருங்களேன்!"

"என் வேலை கேட்பது. பார்ப்பது இல்லை. இடையில் பேசாதே. அடுத்து, கீரி பூவிழி!"

பூவிழி வளைக்குள் நாக்கு வறண்டு கிடந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நலம் ஐயா!" என்றது புதர். பூவிழியின் குரலில்.

கீரியின் முதுகு மயிர் குத்திட்டது. என் பெண் இன்னும் சாகவே இல்லை. அதற்குள் அவள் குரலை எடுத்து வைத்துவிட்டார்களா!

ஒரே பாய்ச்சல். தாழை முள் கிழித்தது. கீரியின் வாய்க்குள் மைனாவின் கழுத்து இருந்தது. கடிக்கவில்லை, பிடித்தது மட்டும்தான்.

"அணில் வரியன்!" என்றது ஆந்தை.

சத்தம் இல்லை.

"அணில் வரியன்! அணில் வரியன்! ... முயல் செவியாள்!"

சத்தம் இல்லை. செத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாய்க் குளத்தின் பச்சைத் தோல்மேல் விழுந்து அமிழ்ந்தன. பத்துக் கீறல். பதினைந்து. ஆந்தை கீறுவதை நிறுத்தியது. கண்ணைத் திறந்தது. வெயில் குத்தி நீர் வழிந்தது, ஒன்றும் தெரியவில்லை.

"எல்லாரும் எங்கே போனீங்க? முதல்லேர்ந்து கூப்பிடறேன். மான் கொம்பன்!"

புதர் மௌனமாக இருந்தது. மான் கண்ணைத் திறந்தது.

"அவர் இல்லை ஐயா," என்றது. "ரெண்டு மாசமா இல்லை."

பிறகு ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். "என் தங்கச்சி இல்லை ஐயா." "எங்க வீட்ல மூணு பேர் இல்லை ஐயா." ஆந்தையின் பட்டையில் கீற இடம் போதவில்லை.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் யானைகள் நிலவேம்போடு வந்து சேர்ந்தன. பூவிழி முதல் மிடறைத் துப்பினாள். இரண்டாவதைக் குடித்தாள். மூன்று நாள் கழித்து, "பசிக்குது" என்றாள். குளத்தின் பச்சைத் தோலை யானைகள் உரித்துக் கரையில் போட்டன. அது வெயிலில் வெகுநேரம் நெளிந்தது.

மைனாவின் பதவி போயிற்று. பேச அஞ்சி, புதருக்குள்ளேயே ஒடுங்கிக் கிடந்தது. இனி ஆய்வுக்கு வருபவர் வளை வளையாக நுழைந்து பார்க்க வேண்டும் என்று ராசா உத்தரவிட்டார். இதை முதலிலேயே செய்திருந்தால் என்னவாம்!

செத்தவரை உயிரோடு இருப்பதாகச் சொல்லும் பதிவேடு, உயிரோடு இருப்பவரையும் சாகவிடும், நீதி அவ்வளவுதான்.

அடுத்த ஆய்வு நாளில் மருதமரத்தடி வெறிச்சென்று இருந்தது. பூவிழி வெயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கீரி யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தாழம்புதரின் அருகில் போய் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டது.

"ஏ மைனா," என்றது மெதுவாக. "பதிவுக்கு இல்ல. ஆந்தைக்கு இல்ல. எனக்கு மட்டும். அவன் சிரிப்பானே, அதை ஒரே ஒரு தடவை சிரியேன்."