விளாம்பழம் அழாது

ஆற்றங்கரைக் காட்டில் குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிக் கும்மாளம் போட்டன. எதிர்மலையில் அத்தி பழுத்துவிட்டது என்று ஒரு காகம் சொல்லிவிட்டுப் போயிருந்தது. இந்தப் பக்கத்து மரங்களில் முற்றிய இலையைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. விடிந்ததும் கிளம்பலாம் என்று தலைவன் பெருவாலன் சொன்னதும் காடே ஆடியது.

தவிட்டி என்ற மந்தி மட்டும் தாவவில்லை. அவள் மடியில் சுண்டு கிடந்தான். பால் மட்டுமே குடிக்கும் சின்னக் குட்டி. கருவேல முள் குத்தி அவனுடைய இடது கை வீங்கியிருந்தது. குரங்குக் குட்டிகள் தாயின் வயிற்று முடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு தொங்கும். தாய் ஓட ஓட அவை பால் குடிக்கும். சுண்டு ஒரு கையால் தொங்கிப் பார்த்தான், நழுவினான். தவிட்டி அவனை அணைத்துக்கொண்டு மீதிக் கைகால்களால் ஏறிப் பார்த்தாள்; அவளே வழுக்கினாள்.

எதிர்மலைக்குப் போகும் வழியில் மரமே இல்லாத பாறைவெளி ஒன்று இருந்தது. அங்கே ஒரு சிறுத்தை. காலையில் வெயில் சுடும்வரை அது தூங்கும். அதற்குள் சத்தமில்லாமல் கடந்துவிட வேண்டும். பசித்த குட்டி ஒருமுறை வீறிட்டால் கூட்டத்தில் யாராவது ஒருவர் குறைந்துவிடுவார்.

பெருவாலன் தவிட்டியிடம் வந்தான். அதட்டவில்லை. சுண்டு வழியில் அழாமல் வருவதற்கு ஏதாவது செய்ய முடிந்தால் வரும்படியும், முடியாவிட்டால் கை ஆறும்வரை இங்கேயே இருக்கும்படியும் சொன்னான். இங்கேயே இருப்பதென்றால் தனியாக இருப்பது. வயிறு காய்ந்தால் பால் எப்படி ஊறும் என்று தவிட்டி அவனிடம் கேட்கவில்லை. அது அவனுக்கும் தெரியும்.

செய்தி காடெங்கும் பரவியது. ஆளாளுக்கு யோசனை சொல்ல ஓடி வந்தார்கள்.

அணில், பிள்ளையை வாயில் கவ்விக்கொள்வதுதான் சுலபம் என்றாள். சுண்டுவின் எடையைப் பார்த்துவிட்டு அவளே சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கரடி தன் இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து சுற்றி நடந்து காட்டினாள்.

"பிள்ளைகளுக்குப் பசித்தால் என்ன செய்வாய், அக்கா?" என்று தவிட்டி கேட்டாள்.

"உட்கார்ந்து கொடுப்பேன்."

"சிறுத்தை வந்தால்?"

"ஓர் அறை விடுவேன்."

தவிட்டி தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் தூக்கணாங்குருவி பறந்து வந்தான். பின்னுவதில் அவனுக்குப் பெரிய பெயர். அந்தப் பெயரில் பாதியை அவனே பரப்பியிருந்தான். இதுவரை யாரும் பார்த்திராத பை ஒன்று செய்து தருகிறேன் என்று சொல்லி, புல்லும் பனையோலைக் கீற்றுமாகக் கொண்டுவந்து குவித்தான். மாலைக்குள் பை தயார். சுரைக்காய் போன்ற வயிறு, ஒடுங்கிய கழுத்து, தோளில் மாட்ட இரண்டு பட்டைகள். காற்றில் ஆடாமலிருக்க உள்ளே களிமண்கூட ஒட்டியிருந்தான். தன் கூடுகளுக்குச் செய்வது போலவே.

உடனே சோதனை நடந்தது. பைக்குள் ஒரு விளாம்பழத்தைப் போட்டார்கள். தவிட்டி பையை முதுகில் மாட்டிக்கொண்டு மரத்தில் ஏறினாள், இறங்கினாள், தலைகீழாகத் தொங்கினாள். விளாம்பழம் விழவில்லை. குரங்குகள் ஆரவாரம் செய்தன. கரடிகூடக் கைதட்டினாள். தவிட்டி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

விடிந்தது. தவிட்டி பால் கொடுத்து சுண்டுவைப் பைக்குள் இறக்கினாள். அவன் தூங்கிப்போனான். கூட்டம் கிளம்பியது. என்ன வேகம்! தவிட்டிதான் முன்னால் ஓடினாள். தூக்கணாங்குருவி அவள் தலைக்கு மேலே பறந்தபடி, எதிர்ப்பட்ட பறவைகளிடமெல்லாம் அந்தப் பை யாருடைய வேலை என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

காட்டின் விளிம்பில் ஒரு வேலமரம். தூக்கணாங்குருவிகளின் கூடுகள் அதில்தான் தொங்கின. அதைத் தாண்டினால் பாறைவெளி.

அந்த இடத்தில் சுண்டு விழித்துக்கொண்டான்.

முதலில் முனகினான். பிறகு அழுதான். தவிட்டி பையைக் கழற்றி, ஒடுங்கிய கழுத்து வழியாகக் கையை விட்டு அவனை இழுத்தாள். வீங்கிய கை விளிம்பில் உரசியது. அவன் வீறிட்டான். குரங்குகள் அப்படியே உறைந்தன. தூரத்தில் பாறைப் பிளவிலிருந்து ஒரு வால் நுனி எழுந்தது, வளைந்தது, மறுபடி படுத்தது.

மார்பில் வைத்ததும் சுண்டு அடங்கினான். பைக்குள் இறக்கினால் மறுபடி உதட்டைப் பிதுக்கினான். எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெருவாலன் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"நீங்கள் போங்கள்" என்றாள் தவிட்டி.

வேலமரத்திலிருந்து ஒரு பெண்குருவி இறங்கி வந்தாள். அந்த மரத்து ஆண்குருவிகளுக்கு அவளைக் கண்டாலே நடுக்கம். ஆண் கூடு கட்டிவிட்டுக் கூப்பிடுவான். பெண் வந்து பார்த்துப் பிடித்தால் குடியிருப்பாள், பிடிக்காவிட்டால் போய்விடுவாள். அது அவர்கள் வழக்கம். இந்தத் தூக்கணாங்குருவி கட்டிய கூடுகளில் பாதி இவள் வேண்டாமென்று விட்டுப்போனவை. அவன் பையின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தான். அவள் காதில் வாங்காமல் பைக்குள் நுழைந்துவிட்டாள். உள்ளே போய் உட்காராமல் எதையும் அவள் நல்லது என்றோ கெட்டது என்றோ சொன்னதில்லை.

சற்று நேரம் கழித்துத் தலையை நீட்டினாள்.

"இதில் எதை வைத்துப் பார்த்தீர்கள்?"

"விளாம்பழத்தை" என்றான் அவன். "தலைகீழாகத் தொங்கியும் விழவில்லை."

"விளாம்பழம் அழாது. அதற்குப் பசிக்காது. இங்கே ஒரே இருட்டு, மூச்சு முட்டுகிறது. மந்தியக்காவின் முதுகெலும்பு இடிக்கிறது. பால் அந்தப் பக்கம் இருக்கிறது, நீ பிள்ளையை இந்தப் பக்கம் அடைத்திருக்கிறாய்."

பெண்குருவி வெளியே வந்ததும் தவிட்டி பையை எடுத்து, அதன் அழகான கழுத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"ஐயோ, என் வேலைப்பாடு!" என்று தூக்கணாங்குருவி அலறினான். பெருவாலன் இரண்டு விரலால் அவன் அலகைப் பிடித்து மூடினான்.

ஆனால் கிழிந்த பை தவிட்டியின் மார்புக்குக் குறுக்கே தூளி போல விழுந்ததைப் பார்த்ததும் தூக்கணாங்குருவியின் கண் மாறியது. பெருவாலன் விரலை எடுத்ததும் வேலைக்குப் பாய்ந்தான். களிமண்ணைக் கொத்தி எறிந்தான். சொரசொரப்பான கீற்றுகளை உருவிவிட்டு மெல்லிய புல்லைப் பின்னினான். அகலமான ஒரே பட்டை, ஒரு தோளில் முடிச்சு. பெண்குருவி அதற்குள் உட்கார்ந்து பார்த்தாள். பிள்ளையின் மோவாய் நெஞ்சில் குத்தும் என்றாள். பிரித்தான். மூக்கு அமுங்கும் என்றாள். மறுபடி பிரித்தான். வாழ்நாளில் இவ்வளவு வேகமாக அவன் பின்னியதில்லை. இவ்வளவு வாய் மூடியிருந்ததும் இல்லை.

கடைசியில் சுண்டுவை வைத்தார்கள். பட்டை அவனுடைய இடுப்பையும் முதுகையும் தாங்கியது. தலை வெளியே இருந்தது. நல்ல கை தாயின் முடியைப் பற்றியது. கெட்ட கையின் வேலையைத் தூளி செய்தது. வாய் தானாகத் தேடி, கண்டுபிடித்தது.

வெயில் சுடத் தொடங்குவதற்குள் கூட்டம் பாறைவெளியில் இறங்கியது.

தவிட்டி நாலு காலும் ஊன்றி நடந்தாள். ஏற வேண்டிய இடத்தில் ஏறினாள். சிறுத்தை படுத்திருந்த பிளவு பக்கத்தில் வந்தது. அதன் மூச்சு கேட்டது. அப்போது ஒரு தாவலில் தூளி சற்றுச் சரிந்தது. சுண்டுவின் வாய் நழுவியது. அவன் உதடு பிதுங்குவதைத் தவிட்டி கண்ணால் பார்த்தாள். முதுகில் இருந்திருந்தால், சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்திருக்கும். தோளில் இருந்த முடிச்சின் நுனியைப் பல்லால் இழுத்தாள். தூளி ஒரு விரல் அளவு மேலேறியது. வாய் பாலைப் பிடித்துக்கொண்டது.

சிறுத்தையின் ஒரு காது நிமிர்ந்தது. திரும்பியது. பிறகு மடங்கியது.

எதிர்மலை அத்திமரத்தில் எல்லோரும் ஏறியதும் எழுந்த கூச்சலில் சிறுத்தை விழித்தது. அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. தவிட்டி இரண்டு கைகளாலும் பழம் பறித்துத் தின்றாள். சுண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

தூக்கணாங்குருவி வேலமரத்துக்குத் திரும்பிப் புதுக்கூடு ஒன்று கட்டினான். பெண்குருவியைக் கூப்பிடுவதற்கு முன்னால், இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தான். தானே உள்ளே போய், முட்டை வைக்கும் இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தான். வெளியே வந்து, பாதியைப் பிரித்துப் போட்டுவிட்டு மீண்டும் பின்னத் தொடங்கினான்.

பிள்ளைக்கென்று எதைத் தேர்ந்தெடுத்தாலும், வெளியே நின்று மெச்சுகிறவர்களின் கண்ணால் பார்க்காமல், அதற்குள் இருக்கப்போகும் பிள்ளையின் பசியால் அளந்து பார்க்க வேண்டும்.